காலண்டர் தாளைத் தாத்தா கிழித்துவிட்டார்: இது வீம்பா?

கேள்வி: 14 ஜூன் 2024, காலை

மகனுக்கு 9 வயது. ஆட்டிசம் என்று நாலு வயதிலேயே சொல்லிவிட்டார்கள். நன்றாகப் பேசுவான், படிப்பான். எங்கள் வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. பல் தேய்த்து வந்ததும் தாளை அவன்தான் கிழிக்க வேண்டும். மேலே சின்னத் துணுக்கு ஒட்டிக்கொண்டு நின்றால் அதையும் நகத்தால் சுரண்டி எடுக்காமல் கிளம்ப மாட்டான். நேற்று அவன் எழுவதற்கு முன்பே மாமனார் கிழித்துவிட்டார். இரண்டு மணி நேரம் அழுகை. சுவரில் தலையை முட்டிக்கொண்டான். "பசை போட்டு ஒட்டு, நான் கிழிக்கிறேன்" என்றே திரும்பத் திரும்பச் சொன்னான். கடைசியில் ஒட்டினோம். கிழித்தான். அடுத்த நிமிடம் ஒன்றும் நடக்காத மாதிரி இட்லி சாப்பிட்டான். பள்ளி வேன் போய்விட்டது. "வீம்பு. ரெண்டு போட்டா சரியாயிடும்" என்கிறார் மாமனார். ஒரு தாளில் அப்படி என்னதான் இருக்கிறது? ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

14 ஜூன், இரவு 10.40

இருக்கிறேன். வயது 41, மதுரை. 36 வயதில்தான் எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்தது. அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன், அதாவது அச்சேறுமுன் பிழை திருத்துகிறேன்.

வீம்பு இல்லை. ஆதாரம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. வீம்பு பிடிக்கிற பிள்ளை தாத்தாவை மன்னிப்புக் கேட்கச் சொல்லும், இல்லாவிட்டால் செல்போனைக் கேட்கும், சாக்லேட் கேட்கும். உங்கள் பையன் கேட்டது ஒரே ஒரு ரிப்பேர். கலைந்த வரிசையைத் திரும்ப அடுக்கித் தரச் சொன்னான். தந்தீர்கள், முடிந்தது, இட்லி. பழிவாங்கும் எண்ணமே இல்லாத வீம்பை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் 'ஆட்டிசம்' என்ற சொல் இன்றைய பொருளில் பரவியது. எல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்ற பதற்றம் கலந்த பிடிப்பை அந்தக் குழந்தைகளிடம் அவர் கவனித்தார். நடக்கும் பாதை மாறினால், மேசை நாற்காலி இடம் மாறினால் கலங்கிப் போனார்கள். 81 வருடம் ஆகிறது. உங்கள் மாமனாருக்கு இன்னும் செய்தி வரவில்லை.

15 ஜூன், அதிகாலை 3.15

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியதில் ஒரு குறை. வீம்பு இல்லை என்றேன், என்ன என்று சொல்லவில்லை.

இருட்டில் மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைப்பீர்கள். தரை வந்திருக்கும். உடம்பு முழுக்க ஒரு தூக்கு தூக்கிப் போடும். யாருக்கும் அடிபடவில்லை, ஆனாலும் நெஞ்சு படபடக்கும். எனக்கு அந்தப் படி ஒரு நாளைக்கு இருபது முறை வருகிறது. டீக்கடையில் கண்ணாடி டம்ளருக்குப் பதில் காகிதக் கப், வழக்கமான கண்டக்டருக்குப் பதில் வேறொருவர், அலுவலகத்தில் என் நாற்காலியில் யாருடைய பையோ.

மூளை எப்போதும் அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே ஊகித்தபடி இருக்கிறது என்று ஒரு கோட்பாடு உண்டு. ஊகத்துக்கும் நடப்பதற்கும் சின்ன வித்தியாசம் இருந்தால் பெரும்பாலோரின் மூளை "கிட்டத்தட்ட சரிதான்" என்று தள்ளிவிடும். ஆட்டிச மூளை தள்ளிவிடுவதில்லை என்று 2012இல் எலிசபெத் பெலிகானோ, டேவிட் பர் இருவரும் எழுதினார்கள். பழைய அனுபவம் எங்களுக்குக் குறைவாகவே கைகொடுக்கிறதாம், அதனால் ஒவ்வொன்றும் முதல்முறை பார்ப்பது போலப் பச்சையாக வந்து விழுகிறதாம். 2014இல் பெல்ஜியத்தில் வேறொரு குழுவும் இதையே சற்று வேறு விதமாகச் சொன்னது. சில்லறைப் பிழையைக்கூட எங்கள் மூளை பெரிய பிழையாகவே கணக்கில் எடுக்கிறதாம். இவை கோட்பாடுகள்தான், தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படித்தபோது யாரோ என் டைரியைத் திருடிப் படித்தது போல இருந்தது.

பையனுக்குத் தாத்தா கிழித்த தாள் அந்த இல்லாத படி.

15 ஜூன், பிற்பகல்

உங்களுக்கும் இப்படி விடாமல் பிடித்துக்கொண்ட ஓர் ஆர்வம் உண்டா என்று கேட்டவருக்கு: ஆமாம், எனக்கும் ஒன்று இருக்கிறது. பின்கோடு. சிரிக்கலாம்.

தாத்தா கிளை அஞ்சலகத்தில் இருந்தவர். இன்லேண்ட் லெட்டரில் ஆறு கட்டம் இருக்கும் அல்லவா, அதில் எண்களை எழுதத்தான் நான் எழுத்தே கற்றேன். 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த முறை. கொண்டுவந்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர், சமஸ்கிருதக் கவிஞரும்கூட. முதல் எண் மண்டலம், முதல் மூன்று எண் சேர்ந்தால் தபால் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்றும் அந்த அஞ்சலகம். 6 என்றால் நாமும் கேரளமும். 9 ராணுவத்துக்கு.

புதுச்சேரிதான் எனக்கு உயிர். ஒரே ஒன்றியப் பிரதேசம், நாலு துண்டு. புதுச்சேரி 605001. காரைக்கால் 609602. மாஹே கேரளக் கரையில் இருப்பதால் 673310. யானம் ஆந்திரத்துக்குள் இருப்பதால் மண்டலமே மாறி 533465. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப் போன வரைபடத்தை அஞ்சல்துறை ஒப்புக்கொள்ளவே இல்லை, தபால் வண்டி எப்படிப் போகுமோ அப்படித்தான் எண். விழுப்புரமோ தமிழ்நாட்டில் இருந்துகொண்டே 605602. இதை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். ஏன் என்று கேட்காதீர்கள். சரி, அதைத்தானே இங்கே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

16 ஜூன்

ஞாயிறு, நேரம் இருக்கிறது, நீளமாக எழுதுகிறேன்.

அன்றாட வழக்கம் எங்களுக்குப் பிடிக்கும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அதைச் சிக்கனம் என்றுதான் நான் சொல்வேன். எனக்குக் காலை 5.50க்கு விழிப்பு. அதே எவர்சில்வர் டம்ளர். இரண்டு தோசை, தேங்காய்ச் சட்னி. வெள்ளிக்கிழமை மட்டும் இட்லி. ஒரே துணியில் ஒரே அளவில் தைத்த ஐந்து சுடிதார், நிறம் மட்டும் வேறு. இதையெல்லாம் நான் ரசிக்கிறேன் என்று நினைக்கிறார்கள். ரசனை ஒன்றும் இல்லை. என்ன சாப்பிடுவது, எதை உடுத்துவது என்று காலையிலேயே மூளையைச் செலவழித்துவிட்டால் பத்து மணிக்கு ஒரு மெய்ப்பும் ஓடாது. கையில் இருக்கிற காசு அவ்வளவுதான். உங்களுக்குச் சில்லறைச் செலவாகப் போவது எனக்கு நோட்டாகப் போகிறது.

பெரியார் பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டிய காலம் மதுரைக்காரர்களுக்கு நினைவிருக்கும். பஸ்கள் சுற்றுவட்டச் சாலைகளில் ஆளுக்கொரு இடத்தில் நின்றன. எல்லாரும் திட்டிக்கொண்டே ஏறிப் போனார்கள். நான் இரண்டு மாதம் ஆட்டோவில் போனேன். சம்பளத்தில் கால்வாசி அதற்கே போனது. "பஸ் எங்கே நிக்கும்னு கேட்டா சொல்ல மாட்டாங்களா?" என்றாள் தங்கை. சொல்வார்கள். ஆனால் அதற்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அருகே போக வேண்டும், அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், இரைச்சலில் அவர் சொல்வதைப் பிரித்தெடுக்க வேண்டும், அது தவறாக இருந்தால் இன்னொருவரைப் பிடிக்க வேண்டும். அலுவலகம் போய்ச் சேரும்போது நான் காலியாகியிருப்பேன்.

இன்னொன்று, மடை. எங்கள் ஊர்ப்பக்கம் கண்மாயில் பல மடை இருக்கும். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் திறந்துவைத்தால் எல்லா வயலுக்கும் கொஞ்சம் கொஞ்சம் தண்ணீர். பெரும்பாலோர் மனம் அப்படி. எங்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு மடைதான் திறக்கும், தண்ணீர் முழுக்க அதிலேயே பாயும். டைனா மரி, மைக் லெஸர், வென் லாசன் மூவரும் 2005இல் இதைத்தான் மோனோட்ரோபிசம் என்று எழுதினார்கள். அதில் லாசன் தாமே ஆட்டிசம் உள்ளவர். மடை உவமை என்னுடையது, அவர்களைக் கேட்காதீர்கள். ஆனால் இதை வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருவது தெரியும். ஒரே மடையில் பாய்வதுதான் பின்கோடு. அந்த வயலில் ஒரு களைகூட இருக்கக் கூடாது என்பது துணுக்கைச் சுரண்டுவது. பாய்ந்துகொண்டிருக்கும்போது வேறு யாரும் வந்து மடையை அடைக்கக் கூடாது என்பது அன்றாட வழக்கம்.

பாயும் மடையைத் திடீரென்று அடைத்தால் என்ன ஆகும் என்று விவசாயி வீட்டில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரை உடையும். சுவரில் தலையை முட்டியது அதுதான்.

17 ஜூன், இரவு 1.50

யானம் 533464. நான் 533465 என்று எழுதியிருக்கிறேன். இரண்டு நாளாக அது இங்கே எல்லார் கண்ணிலும் பட்டபடி நிற்கிறது. ஒருவரும் சொல்லவில்லை. நீங்களெல்லாம் எப்படித் தூங்குகிறீர்கள்?

18 ஜூன்

கேள்வி கேட்ட தாய் இன்று எழுதியதைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பையனுக்குக் காலண்டரில் மிகவும் பிடித்தது ராகு காலமாம். ஏழு நாளைக்கும் மனப்பாடமாம். பள்ளியில் ஆசிரியையிடம் "மிஸ், இன்னிக்கு வெள்ளி, பத்தரைக்குப் பரீட்சை வைக்காதீங்க" என்றானாம்.

அவனுக்கு "திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" தெரியுமா? தெரியாவிட்டால் சொல்லிக் கொடுங்கள், கொண்டாடுவான். திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு. ஏழரையில் தொடங்கி ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொண்டே போனால் ஞாயிறு நாலரைக்கு வந்து நிற்கும். கிழமை வரிசையில் பார்த்தால் தாறுமாறு, இந்த வரிசையில் வைத்தால் படிக்கட்டு. நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம், எனக்கு இல்லை. ஆனால் இந்த உலகத்தில் சொன்ன சொல் மாறாத விஷயங்கள் எத்தனை? அத்தை வருகிறேன் என்பார், வர மாட்டார். அஞ்சு நிமிஷம் என்றால் முக்கால் மணி. "சும்மா சொன்னேன்" என்பார்கள். செவ்வாய்க்கிழமை ராகு காலம் மூன்று மணிக்கு என்றால் மூன்று மணிக்குத்தான்.

இப்போது மாமனாருக்கு வருவோம். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவர் ராகு காலம் முடியாமல் வாசல் தாண்ட மாட்டார், காபி டபராவில்தான் குடிப்பார், பேப்பரை யாரும் முதலில் பிரித்துவிடக் கூடாது என்று. பேப்பரை நீங்கள் பிரித்துவிட்டால் வீட்டில் என்ன நடக்கும்? அதற்குப் பெயர் ஒழுக்கம். பேரன் செய்தால் வீம்பு.

18 ஜூன், சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதை யாரும் "எல்லாரும் கொஞ்சம் ஆட்டிசம்தான்" என்று படித்துவிடாதீர்கள். தாத்தாவின் பேப்பர் கசங்கினால் அவருக்குக் கோபம் வரும். பத்து நிமிடத்தில் அடங்கும். அவர் சுவரில் முட்டிக்கொள்ள மாட்டார். அளவு கூடினால் ஆளே மாறிப்போகிற விஷயம் இது. சாரல் மழையும் பெருவெள்ளமும் தண்ணீர்தான்.

20 ஜூன்

பெர்ஃபெக்ஷனிசம், அதாவது ஒரு பிழைகூட இருக்கக் கூடாது என்ற பிடிப்பு, அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. இதில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடம் முன்பு ஒரு கல்யாணப் பத்திரிகை. தாளில் ஏறப்போகிற நேரம். "மண்டபத்திற்கு செல்லும் வழி" என்று இருந்தது. 'கு'வுக்குப் பின் வல்லினம் மிகும், "மண்டபத்திற்குச் செல்லும்" என்று வர வேண்டும். ஒரே ஒரு 'ச்'. பிளேட் போட்டாகிவிட்டது. நான் மெஷினை நிறுத்தச் சொன்னேன். முதலாளி, "பொண்ணு மாப்பிள்ளை பேரு சரியா இருக்கா? தேதி சரியா இருக்கா? வாங்குறவன் படிச்சுப் பார்த்து ஒற்றுக்காகக் கல்யாணத்துக்கு வராம இருக்கப் போறானா?" என்றார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. எனக்கு அது புரிந்தது. புரிந்தும் மெஷின் பக்கத்திலிருந்து என்னால் நகர முடியவில்லை. பிளேட் செலவு என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. சந்தோஷமாகக் கொடுத்தேன் என்றால் நம்புவீர்களா?

மற்றவர்கள் பத்திரிகையை எடுத்ததும் ஒரு கல்யாணத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு முதலில் தெரிவது எழுத்து, அதன் பிறகு சொல், அதன் பிறகு வரி, கல்யாணம் கடைசியில். உட்டா ஃப்ரித் 1989இலேயே இதை எழுதியிருக்கிறார், முழுசைவிடத் துண்டு முந்திக்கொண்டு கண்ணில் படுகிற மனம் என்று. முதலில் அதைக் குறைபாடாகச் சொன்னார்கள். 2006 வாக்கில் ஃபிரான்செஸ்கா ஹாப்பேயும் அவரும் சேர்ந்து எழுதியபோது அது ஒரு பாணி, பலமாகவும் இருக்கலாம் என்ற பக்கம் வந்துவிட்டார்கள். காலண்டர் மேலே ஒட்டியிருக்கிற துணுக்கு உங்களுக்குத் துணுக்கு. பையனுக்கு அதுதான் படத்தின் நடுவில் நிற்கிறது.

21 ஜூன்

நேற்று எழுதியதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன்.

நோய் கண்டறியும் கையேட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். டி.எஸ்.எம்-5, 2013. அதில் நாம் பேசிக்கொண்டிருக்கும் வழக்கம், ஆர்வம் பற்றிய பகுதிக்கு நாலு உட்பிரிவு: திரும்பத் திரும்பச் செய்யும் அசைவும் பேச்சும்; மாறாமையை வலியுறுத்துவது; மிகத் தீவிரமான ஆர்வங்கள்; ஒலி, ஒளி, தொடுகை போன்றவை அதிகமாகவோ குறைவாகவோ உறைப்பது. நாலில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். பெர்ஃபெக்ஷனிசம் இந்தப் பட்டியலிலேயே இல்லை. அன்றாட வழக்கத்தோடும் ஆர்வத்தோடும் மூன்றாவதாக அதையும் நானே ஒட்டிவைத்துவிட்டேன்.

அப்படியானால் என்னுடையது எங்கிருந்து வந்தது? இரவெல்லாம் யோசித்தேன். ஒற்றுப் பிழை கண்ணில் படுவது பிறவி. அதை விட முடியாமல் கை நடுங்குவது வேறு. ஐந்தாம் வகுப்பில் கணக்கில் 98 வாங்கினேன். "அந்த ரெண்டு எங்கே?" என்று கேட்டார்கள். அது எல்லா வீட்டிலும் கேட்பதுதான், கேலியாகக் கேட்டிருப்பார்கள். நான் உண்மையிலேயே அந்த இரண்டைத் தேடினேன். அது மட்டும் இல்லை. எதிலும் ஏதாவது தப்பாகச் செய்துகொண்டே இருக்கிற பிள்ளை நான். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தேன், பெரியவர்களிடம் உண்மையைச் சொன்னேன், துக்க வீட்டில் இறந்தவரின் பின்கோடு சொன்னேன். என்ன தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், முகம் மட்டும் மாறும். எந்த விதி என்றே தெரியாமல் விளையாட்டில் தோற்றுக்கொண்டே இருக்கிறவள், விதி தெரிந்த ஓர் இடம் கிடைத்தால் என்ன செய்வாள்? அங்கே ஒரு ரன்கூட விட்டுக்கொடுக்க மாட்டாள். இலக்கணம் எனக்கு அந்த இடம்.

ஆக, பாதி கண், பாதி காயம். பையனுக்கு இப்போது கண் மட்டும்தான் இருக்கிறது. 'ரெண்டு போட்டால்' மீதியும் வந்துவிடும். மாமனாரிடம் இதை மட்டும் படித்துக் காட்டுங்கள், போதும்.

21 ஜூன், பின்குறிப்பு

"வாழ்த்துகளா வாழ்த்துக்களா" என்று தனிச்செய்தியில் கேட்ட நண்பருக்கு: வாழ்த்துகள். இதைத் தொடங்கிவைக்காதீர்கள், நாளை வேலை இருக்கிறது.

24 ஜூன்

"அப்படியானால் எதையும் மாற்றாமல் பொத்திப் பொத்தி வைக்க வேண்டுமா?" நல்ல கேள்வி. வேண்டாம். அப்படி வைத்ததால் என்ன ஆனது என்று சொல்கிறேன்.

அம்மா என்னைப் பற்றி எந்தப் புத்தகமும் படிக்கவில்லை, ஆனால் எல்லாம் தெரிந்தவள். என் டம்ளரை யாருக்கும் தர மாட்டாள். ரசத்தில் தக்காளித் தோல் மிதக்காது. விருந்தாளி வருவதாக இருந்தால் இரண்டு நாள் முன்பே என்னிடம் சொல்லி, "நீ உள்ளேயே இரு, நான் பார்த்துக்கிறேன்" என்பாள். 34 வயது வரைக்கும் எனக்கு வழக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. மீனுக்குத் தண்ணீர் தெரியாதது மாதிரி. 2017இல் அம்மா கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் 23 நாள். அந்த 23 நாளும் நான் தயிர்சோறு தவிர எதுவும் சாப்பிடவில்லை. வார்டுக்குப் போனால் பினாயில் வாடை, மானிட்டர் சத்தம், மணிக்கொரு நர்ஸ். அம்மாவுக்குத் துணையாக நான் இருந்திருக்க வேண்டும். தங்கை ஓசூரிலிருந்து கைக்குழந்தையோடு வந்து பார்த்தாள். நான் மருத்துவமனை வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மருந்துச் சீட்டுகளில் இருந்த முகவரிகளின் பின்கோடுகளை ஏறுவரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். "சுயநலம்" என்றார் சித்தப்பா. இன்றும் அந்தச் சொல் போகவில்லை. அதற்குப் பிறகுதான் ஒரு உளவியலாளரைப் பார்த்தேன். பெயர் கிடைக்க இன்னும் இரண்டு வருடம் ஆனது.

அதனால் மாற்றத்தைச் சொல்லிச் செய்யுங்கள், சின்னதாகச் செய்யுங்கள், அவனையும் கூட்டாளியாக்கிச் செய்யுங்கள். வேன் டிரைவர் மாறினால் முந்தின நாளே படத்தைக் காட்டுங்கள். ஊருக்குப் போனால் காலண்டரைக் கழற்றிப் பையில் வையுங்கள், ஆணியை மட்டும் விட்டுவிட்டு. திட்டம் கெட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு திட்டம் அவனிடம் இருக்கட்டும். பசை போட்டு ஒட்டினீர்களே, அது தற்செயலாக நீங்கள் கண்டுபிடித்த அருமையான திட்டம். அந்தப் பசை டப்பாவைக் காலண்டர் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

கானரின் முதல் பையனைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். டொனால்ட் டிரிப்லெட். மிசிசிப்பியில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர். வளர்ந்து வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாகவே நாடு நாடாகச் சுற்றினார். 2023இல் 89 வயதில் இறந்தார். ஊர் சுற்றுவார், ஆனால் ஒரு பயணம் ஆறு நாளைத் தாண்டாதாம். அந்த ஆறு நாள் எனக்குப் பிடித்திருக்கிறது.

29 ஜூன்

"இது ஓ.சி.டி. இல்லையா?" இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாத எண்ணம் விடாமல் வந்து ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்குமே, அந்த நோய். ஆட்டிசம், ஓ.சி.டி. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. என்னிடம் உளவியலாளர் ஒரு கேள்விதான் கேட்டார்: "ஒரு மாத்திரை போட்டால் இது போய்விடும் என்றால் போடுவீர்களா?" ஓ.சி.டி. உள்ள என் தோழி, கேள்வி முடிவதற்குள் கையை நீட்டுவாள். பூட்டை இழுத்துப் பார்ப்பது அவளுக்குத் திருடன் மாதிரி, வேண்டாம் என்றாலும் உள்ளே வந்துவிடுகிறது. நான் என் பின்கோடுகளை யாருக்கும் தர மாட்டேன். பையனிடம் காலண்டரைக் கேட்டுப் பாருங்கள், தருகிறானா என்று.

ஒற்று விஷயத்தில் மட்டும் மாத்திரையைப் பாதி உடைத்துப் போட்டுக்கொள்வேன்.

18 ஜூலை

ஆடி பிறந்துவிட்டது. தெருமுனை அம்மன் கோயிலில் நாலு பக்கமும் குழாய் ஸ்பீக்கர். காலை ஐந்தரைக்கே தொடக்கம். அதனால்தான் எழுதவில்லை. அம்மன் மேல் கோபம் இல்லை, ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கிறவர் மேல்தான்.

இந்த நாட்களில் நான் என்னையே கவனித்தேன். சத்தம் கூடக்கூட வழக்கமும் இறுகுகிறது. சாதாரண நாளில் தோசை இரண்டுக்குப் பதில் மூன்று வந்தால் சமாளிப்பேன். நேற்று சட்னியில் கடுகு தாளித்திருந்ததற்கு அழுதுவிட்டேன். பையன் திடீரென்று முறுக்கிக்கொண்டால் காலண்டரை மட்டும் பார்க்காதீர்கள். அந்த வாரம் வேறு எங்கே என்ன ஏறியிருக்கிறது என்று பாருங்கள். ஆண்டு விழா ஒத்திகை, புது யூனிஃபார்ம் உறுத்தல், பக்கத்து மனையில் போர்வெல் போடுவது. வேறெதையும் பிடித்து நிறுத்த முடியாதபோது கைக்கு எட்டுகிறதை இறுக்கிப் பிடிக்கிறோம்.

ஆர்வத்தைப் பற்றியும் ஒரு திருத்தம். ஜூன் மாதம் அதைச் சொர்க்கம் மாதிரி எழுதிவிட்டேன். ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் தனி ஆர்வங்களைப் பற்றி 2018இல் வந்த ஓர் ஆய்வில், ஆர்வம் மிகமிகத் தீவிரமானவர்களுக்கு வாழ்க்கை நலம் குறைவாகவே இருந்தது. எது காரணம், எது விளைவு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. என் கதையில் சொல்ல முடியும். மருத்துவமனை வேப்பமரம். பிடித்திருந்ததால் நான் அன்று எண்களை அடுக்கவில்லை, வேறு எங்கும் நிற்க இடமில்லாததால் அடுக்கினேன். புதுச்சேரியின் நாலு துண்டை நினைக்கும்போது வருகிற சந்தோஷம் அன்று துளிகூட இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கும்.

19 ஜூலை

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகை மாற்றுத்திறன்களில் ஆட்டிசமும் ஒன்று. சென்னைப் பக்கம் இருந்தால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். போகிற அன்று முழு நாளையும் ஒதுக்குங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

3 ஆகஸ்ட்

நேற்று தாய் எழுதியது: மாமனார் இப்போது வெளியே கிளம்புமுன் பேரனிடம்தான் நேரம் கேட்கிறாராம். செவ்வாய்க்கிழமை இரண்டே முக்காலுக்குச் செருப்பு மாட்டியவரை வாசலில் மறித்து, நாலரை வரை உட்கார வைத்துவிட்டானாம். பேங்க் மூடிவிட்டது. "வீம்பு" என்று ஒருமுறை முனகினாராம்.

நான் எழுத வந்தது வேறு. இன்று ஆடி பதினெட்டு. சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் மாதிரி ஆல்பங்களை வெளியிடுகிற நாள். எங்கள் அச்சகத்துக்கு ஆல்பம் இந்த வாரம் வந்துவிடும், ஆர்டர் பிடிக்கத் தொடங்குவோம். டிசம்பர் 31 அன்று உங்கள் வீட்டில் கடைசித் தாள் கிழியும், அடுத்த நாள் கடைக்காரர் கொடுக்கிற ஏதோ ஒரு அட்டை அந்த ஆணியில் தொங்கும் என்பதை யோசித்தீர்களா? அளவு வேறு, எழுத்து வேறு, ராகு காலம் இடது மூலையில் இருந்தது வலது மூலைக்குப் போயிருக்கும். ஐந்து மாதம் இருக்கிறது. அதே மாதிரி ஒன்றை இப்போதே பார்த்துவிடலாம்.

தாளின் நீளம், அகலம் இரண்டையும் ஸ்கேல் வைத்து அளந்து செ.மீ.இல் எழுதுங்கள். "மீடியம் சைஸ்" என்று எழுதாதீர்கள். ராகு காலம் எந்தப் பக்கம், கட்டம் போட்டிருக்கிறதா, எண் சிவப்பா கறுப்பா. உங்களுக்கு நேரமில்லை என்றால் அவனிடமே கேளுங்கள், அவனுக்குத் தெரியும்.